ஹார்ட்டிகனின் வாய்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. நாற்காலியை இழுக்காதீர்கள், சத்தம் கேட்கும். தூக்கி வைத்து உட்காருங்கள். நான் இப்போது வாயைத் திறக்க முடியாது. மனசுக்குள்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிற மாதிரி கேளுங்கள். என் மூஞ்சிக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் மைக் நிற்கிறது. அது தூங்காது. நான் எச்சில் விழுங்கினால் கிணற்றில் கல் விழுந்த மாதிரி அந்தப் பக்கம் கேட்கும். இந்த டப்பிங் அறையின் நியாயம் அப்படி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூன்று பேருக்கும் என் வயிறு உருள்வதுகூடக் கேட்கும். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து கத்தினாலும் எனக்கு ஒன்றும் கேட்காது, ரெக்கார்டிங் செய்கிற கஜபதி அந்தப் பொத்தானை அமுக்கினால்தான் உண்டு. பதினொரு மணிக்கு ‘ஒரு நிமிஷம் அண்ணே’ என்று சொல்லி விரலை எடுத்தான். இப்போது பதினொன்று இருபது. கூப்பிடாமல் ஆர்ட்டிஸ்ட் கதவைத் திறக்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் திறக்க மாட்டோம். நான் வந்த புதிதில் ஒருத்தர் தாகமாக இருக்கிறது என்று திறந்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு அம்மா நாலு நிமிஷம் விடாமல் அழுத அழுகையைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இருந்தாலும் அவரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, அவர் பேரும் எனக்கு மறந்துவிட்டது, தாகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. எனக்கும் இப்போது தாகம். தாகம் இல்லை, அரிப்பு. தொண்டையில் வலது பக்கம், ஒரு மீன் முள் படுத்திருக்கிற மாதிரி. இரும வேண்டும். இருமினால் கஜபதி நிமிர்ந்து பார்ப்பான். பார்க்கக் கூடாது. விழுங்கு, மாணிக்கம். மெதுவாக விழுங்கு.

எதிரே திரையில் அவன் வந்து உட்காருகிறான். மறுபடியும் வந்து உட்காருகிறான். நாற்பது விநாடித் துண்டு, முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும், லூப் என்போம். கஜபதி நிறுத்த மறந்துவிட்டான். சத்தம் இல்லை, படம் மட்டும். சாமானெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டிவிட்ட அறை. மெத்தை எடுத்துவிட்ட கட்டில். கிழவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்கால் மேல் இரண்டு கையையும் வைக்கிறான். வாசலில் தம்பி கார் சாவியோடு நிற்கிறான், அண்ணனை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோக வந்திருக்கிறான். கிழவன் ஜன்னலைப் பார்க்கிறான். வாய் அசைகிறது. தம்பி போகிறான். கிழவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் படம், அதோடு முடிகிறது. அவன் பேர் லைல் ஹார்ட்டிகன். அமெரிக்காவில் பெரிய நடிகன், அங்கே கொடுக்கிற பெரிய விருதை இரண்டு தடவை வாங்கியவன், எழுபத்தெட்டு வயசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்க வாய் இறங்கிவிட்டது. இனிமேல் நடிப்பே வேண்டாம் என்று குதிரை வளர்க்கப் போய்விட்டவனை, வாய் இறங்கிய கிழவனாகவே ஒரு கதை எழுதிக் கூட்டிவந்து இந்தக் கடைசிப் படத்தை எடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு வருஷமாகத் தமிழில் அவனுக்குக் குரல் நான். சூசைமாணிக்கம், ஏழாம் வகுப்பு, தூத்துக்குடி. படம் முழுக்கப் பேசி முடித்துவிட்டேன், பதினோரு நாள். மிச்சம் இருப்பது இந்தக் கடைசி வரி. நாலு வார்த்தை. ‘நீ போ. நான் வர்றேன்.’ காலையிலிருந்து ஆறு தடவை சொல்லிவிட்டேன். அடிக்குரலைப் பிடித்து இறுக்கிச் சொன்னால் வார்த்தை உருண்டையாக வந்து விழுகிறது, உள்ளே ஆள் இல்லை. இறுக்கத்தை விட்டுச் சொன்னால் ‘வர்’ வரைக்கும் வந்து, ‘றேன்’ வெறும் காற்றாகப் போகிறது. ஆறாவதுக்கு மேகலா சொன்னாள், தமிழ் வசனம் எழுதி எங்களைப் பேச வைக்கிறவள், நல்ல பெண், யாரையும் நோகடிக்க மாட்டாள்: “சார், வரி வந்திடுச்சு. ஆள் வரல.” அதற்குப் பிறகுதான் கஜபதி ஒரு நிமிஷம் என்றது. ஒரு மணிக்குள் இந்த வரி வரவில்லையென்றால் படம் முழுவதையும் இன்னொருத்தர் முதலிலிருந்து பேசுவார். ஒரு ஆளுக்கு இரண்டு குரல் இருக்க முடியாதல்லவா. கோயம்புத்தூரில் ஒருத்தர் தயாராக இருக்கிறாராம். நான் ஹார்ட்டிகன் மாதிரி பேசுகிறேன். அவர், நான் ஹார்ட்டிகன் மாதிரி பேசுகிற மாதிரி பேசுகிறார்.

நாளைக்கு வந்து பேசுகிறேன் என்று நான் சொல்லலாம். நாளைக்கு என்னால் முடியாது. நாளைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், வியாழக்கிழமை காலை கத்தி வைக்கிறார்கள். அதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். அவனை நினைப்போம். அவன் வாயை நினைப்போம். அவன் கண்ணை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? நீலக்கண் என்று பேப்பரில் போட்டிருந்தான், இருக்கட்டும். டப்பிங்காரன் கண்ணைப் பார்க்க மாட்டான். உதட்டைப் பார்ப்பான், தொண்டைக்குழியைப் பார்ப்பான், தோளைப் பார்ப்பான். தோள் ஏறினால் வசனம் வரப்போகிறது. உதடு மூடுகிற இடத்தில் நம்முடைய ப, ம வந்து உட்கார வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கஜபதி இழுத்து ஒட்டிவிடுவான். முதல் முதலில் என்னிடம் வரும்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயசு. அணை உடைகிற படம். அவன் இன்ஜினியர். மதுரையில் அவன் ‘தண்ணி வருது, பேச்ச நிறுத்து’ என்றதும் தியேட்டரில் விசில் அடித்தார்கள், அடித்தது எனக்கு, பார்த்தது அவனை. அந்தப் படம் ஓடியதால் அவனுடைய பழைய படங்களையெல்லாம் டிவிக்காரர்கள் வாங்கினார்கள். அதனால் எனக்கு மட்டும் அவன் ஐம்பத்திரண்டில் பிறந்து, பிறகு முப்பத்தொன்றுக்குப் போனான், அங்கிருந்து நாற்பத்தைந்து, அப்புறம் அறுபது. அவன் முதல் படத்தில் ஜெயில் காவலாளியாக வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான், சாவி எங்கே என்று. அதைப் பேசும்போது எனக்குப் பாவமாக இருந்தது. டேய், உனக்கு இனிமேல் என்னென்ன வரப்போகிறது தெரியுமா, எனக்குத் தெரியும்டா என்று. சின்ன வயசில் அவனுக்குத் திக்குவாயாம். அப்பா பன்றிக்கறிக்கு உப்புப் போடுகிற ஆலையில் வேலை, பையன் பேச நின்றால் மேஜையில் விரலால் தாளம் போடுவாராம், சீக்கிரம் சொல்லு என்று. மேகலா ஏதோ பத்திரிகையைப் படித்துச் சொன்னாள். அவள் சொல்வதற்கு நாலு வருஷம் முன்னாலேயே எனக்குத் தெரியும். உதடு மூடித் தொடங்க வேண்டிய எந்தச் சொல்லுக்கு முன்னாலும் அவன் மேலுதடு அரை நொடி ஒட்டிக்கொள்ளும். ஊரெல்லாம் அதைப் பெரிய நடிப்பு என்றது. பேசுவதற்கு முன்னால் எப்படி யோசிக்கிறான் பார் என்று எழுதினார்கள். அவன் யோசிக்கவே இல்லை. மாட்டிக்கொண்டு நின்றான். மாட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் இரண்டு விருதும் கொடுத்தார்கள்.

மூன்றாவது மனைவியோடு இருந்த காலத்தில் எடுத்த படங்களில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் நாக்கால் உதட்டை நனைப்பான். குடி. ஐம்பத்தேழில் பல் முழுக்கப் புதிதாகக் கட்டிக்கொண்டான். வாய் மூடுவது அதிலிருந்து ஒரு நூல் தாமதம், அது புரியாமல் நாலு நாள் நான் திண்டாடினேன், என் நேரம்தான் தவறுகிறது என்று நினைத்துக்கொண்டு. ஒரு படம் வந்தது, கலகலப்பான கதை, கிழட்டு வக்கீல், எல்லாரையும் கிண்டல் செய்கிறவன். இரண்டாம் நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ‘கஜா, இவன் வீட்டில் யாரோ செத்திருக்கிறார்கள்’ என்றேன். கஜபதி சிரித்தான். நான் சொன்னேன், இவன் மூக்கால் மூச்சு வாங்குகிறவன், பதினாலு படமாகப் பார்க்கிறேன், இதில் வாயால் வாங்குகிறான், அழுது அழுது மூக்கடைத்துப்போன ஆள் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று சிரிக்கிறான் என்று. ஒரு வருஷம் கழித்து மேகலா தேடிப் பார்த்துச் சொன்னாள். மகன். காரில். படப்பிடிப்பு தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்னால். அவனுக்குத் துக்கம் கேட்கப் போன மாதிரி அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை. பிலோமினா, என் வீட்டுக்காரி, யாருக்கு என்ன என்று கேட்டாள். எப்படிச் சொல்வது? அவனுக்கு என்னைத் தெரியாது. வடபழனியில் இப்படி ஒருத்தன் அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? திரையில் மறுபடியும் வந்து உட்காருகிறான். கை முழங்காலுக்குப் போகிறது. தோள் ஏறவில்லை. இந்த வரிக்கு முன்னால் மட்டும் தோள் ஏறவே இல்லை, கவனித்தீர்களா? மூச்சு எடுக்காமலே சொல்கிறான். எப்படி? மூச்சு இல்லாமல் நான் எப்படிச் சொல்வேன்?

அரிக்கிறது. வெளியே பார், தொண்டையை மற. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மேகலா காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்க்கிறாள். பம்பாயிலிருந்து வந்த கம்பெனிக்காரர், முப்பது வயசு இருக்கும், கறுப்புச் சட்டை, மரியாதையான ஆள்தான், காலையில் எழுந்து நின்று கை கொடுத்தார், அவர் கஜபதியிடம் பேசிக்கொண்டே இருக்கிறார். கஜபதி எனக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான், ஒரு கன்னமும் வாயின் ஓரமும் தெரிகிறது. வாய் அசைந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, இது என் வியாதி. பஸ்ஸில் எதிர் சீட்டில் யாராவது பேசினாலும் நான் உள்ளே வசனம் போட்டுவிடுவேன். கம்பெனிக்காரர் வாய்: ‘இந்தக் கிழவரை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது?’ கஜபதி வாய்: ‘தொண்டை போச்சு சார். எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும்.’ கம்பெனிக்காரர்: ‘முன்னாலேயே ஏன் சொல்லவில்லை?’ கஜபதி: ‘பாவம்னு பார்த்தேன்.’ பாவம்! கஜா, நீயா என்னைப் பார்த்துப் பாவம் என்கிறாய்? உன் கல்யாணத்துக்குச் சாமான் இறக்கினவன் நான். இல்லை, அவன் அப்படிச் சொல்லவில்லை, நான் போட்ட வசனம் அது. ஆனால் எவ்வளவு சரியாக ஒட்டுகிறது பாருங்கள், ‘பாவம்’ என்ற இடத்தில் உதடு மூடியது, நான் பார்த்தேன். என் வசனம் எப்போதும் ஒட்டும், அதுதான் ஆபத்து. பிலோமினாவின் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது டாக்டரும் பிலோமினாவும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேசினார்கள். டாக்டர் கையை விரித்தார், இவள் தலையைக் குனிந்தாள். ‘எங்களால ஆனத செஞ்சிட்டோம்’, கச்சிதமாக உட்கார்ந்தது. உடனே கீழே போய் ஊருக்குப் போன் போட்டுவிட்டேன். ராத்திரி பஸ் ஏறி பதினேழு பேர் வந்து இறங்கினார்கள், ஒருத்தர் கையில் மாலையோடு. டாக்டர் சொன்னது, கேன்டீனில் இன்றைக்கு இட்லி தீர்ந்துவிட்டது, அம்மாவுக்கு வெளியிலிருந்து வாங்கிக் கொடுங்கள் என்று. மாமியார் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குக் கறி பரிமாறும்போது, “மாப்பிள்ளைக்கு அவசரம், முதல்ல அவருக்கு வைங்க” என்பார்கள். சரி, அன்றைக்குத் தப்பு. அதனால் இன்றைக்கும் தப்பாகத்தான் இருக்க வேண்டுமா? கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதற்கு வசனமே வேண்டாம்.

அவர் போனை எடுக்கிறார். கோயம்புத்தூர். இப்போது அந்த ஆள் அங்கே தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிப் பார்ப்பார், நீ போ நான் வர்றேன், நீ போ நான் வர்றேன், கணீரென்று. அவருக்கு வந்துவிடும், நல்ல தொண்டை, கேட்டிருக்கிறேன். வரட்டுமே. எனக்கு என்ன போகிறது? அறுபத்தெட்டு வயசு, வீட்டில் உட்கார்ந்து இருக்கலாம். ஆனால் எந்தக் குரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? இந்த முடிச்சுத்தான் பாருங்கள் அவிழ மாட்டேன் என்கிறது. எனக்கு ஒரு குரல் இருந்தது. மெல்லிசு. தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் மரப்பெட்டி மாதிரி ஒரு அறைக்குள் உட்கார்ந்து, திருச்செந்தூர் வண்டி புறப்படப் போகிறது, நீலச் சட்டை போட்ட குழந்தை ஒன்று அழுதுகொண்டிருக்கிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தக் குரல். அது எப்போது போனது என்று தெரியவில்லை. அவனுக்காக அடிவயிற்றிலிருந்து எடுத்து எடுத்து, ஒரு கட்டத்தில் டீ கேட்டாலும் அந்தக் குரலில்தான் வந்தது. பிலோமினா ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “சோத்த உங்க குரல்ல கேளுங்க. அந்த வெள்ளக்காரனுக்கு என்னால வடிச்சுப் போட முடியாது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு வக்கீல் படத்துச் சிரிப்பு. அப்பா இறந்தபோது ஊருக்குப் போனேன். கல்லறையில் பெட்டியை இறக்கும்போது எனக்கு அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். அழுதேனா? முதலில் மூச்சை இழுத்து, ஒரு தடவை நிறுத்தி, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு விட்டு விட்டு ஒரு சத்தம். அணைப் படத்தில் அவன் பெண்டாட்டி பிணத்தை வெள்ளத்திலிருந்து எடுக்கும்போது அழுவானே, அது. அளவு பிசகாமல் அதேதான். பெரியப்பா மகன் திரும்பிப் பார்த்தான், அவனும் டிவியில் பார்த்திருப்பான். என் அப்பாவுக்கு லைல் ஹார்ட்டிகன் அழுதான். நான் எங்கே இருந்தேன்? அழுகையை நிறுத்தி என் அழுகையைத் தேடினேன், இந்தப் பக்கம் இருக்கிறதா, அந்தப் பக்கம் இருக்கிறதா என்று, குழிக்குள் மண் விழுகிற வரைக்கும் தேடினேன். கிடைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன், அந்த மரக்கூண்டுக்குள் முழங்காலில் நின்று, வலைக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரியாமல். இது பாவக் கணக்கில் வராது, தொழில் என்றார். நான் சொல்ல வந்தது வேறு, சுவாமி. இந்தக் குரலை விட்டு வெளியே வர எனக்குக் கதவு தெரியவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இப்போது கதவைக் காட்டிவிட்டார்கள். டாக்டர் அம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டு டிவியில் காட்டினார். இரண்டு வெள்ளை இதழ், நடுவில் சந்து, வலது இதழில் ஒரு மொட்டு. அதுவும் ஒரு வாய்தான் பாருங்கள், தொண்டைக்குள் ஒரு வாய். பேசுங்கள் என்றார். பேசினேன். அந்த உதடுகள் மூடப் பார்த்து மூட முடியாமல் மொட்டில் இடித்தன. ‘எடுத்த பிறகு பேச்சு வருமா அம்மா?’ என்று கேட்டேன். ஏதோ ஒரு குரல் வரும், எது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கத்தி வைக்கிற வரைக்கும் இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று அன்றைக்கே சொன்னார். அதற்கு மறுநாள்தான் இந்தப் படத்துக்கு வந்து நின்றேன். பிலோமினாவிடம் டாக்டர் பேச வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லவில்லை. கஜபதியிடம் ஒன்றுமே சொல்லவில்லை. பதினோரு நாள், காலையில் வெந்நீர், உப்பு, அதிமதுரம், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பொத்திப் பொத்தி வைத்த தொண்டை. மூன்றாம் நாளிலிருந்து மாலை ஆறு மணிக்குப் பிறகு வீட்டில் எழுதிக் காட்டினேன், ஜெபத்தில் இருக்கிறேன் என்று. அவள் நம்பினாள். ஏன் இதெல்லாம் என்றால், அவன் வாழ்க்கையை நடுவிலிருந்து தொடங்கி, முன்னால் போய், பின்னால் போய், எல்லாவற்றையும் நான்தான் பேசினேன். கடைசி வரியை வேறு ஆள் பேசக் கூடாது. அவ்வளவுதான் ஆசை. கெட்ட ஆசையா? திரையில் வந்து உட்காருகிறான். ஜன்னலைப் பார்க்கிறான். இடது பக்கம் செத்த வாய், வலது பக்கத்தால் மட்டும் சொல்கிறான். ஆங்கிலம் எனக்குத் தெரியாது, ஆனால் சத்தம் தெரியும். இன்று காலையில் ஹெட்போனில் கேட்டபோது அதில் அந்தப் பெரிய குரல் இல்லவே இல்லை. ஒரு கிழவனுடைய சத்தம், தகரத்தில் மணல் விழுகிற மாதிரி. அந்தக் குரலை அவன் எங்கே வைத்தான்? நானல்லவா அதை இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அவன் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான், நான் அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். சரி, அப்படியென்றால் நானும் இறக்கி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியதுதானே? வைக்க முடியவில்லையே. வாயைத் திறந்ததும் அதுதான் எழுந்து நிற்கிறது, வேலைக்கு வந்த ஆள் மாதிரி.

பொத்தான் சொடுக்குகிறது. கஜபதி குரல், நேராகக் காதுக்குள். இன்னும் ஒன்று போய்ப் பார்க்கலாமா என்கிறான். தலையை ஆட்டுகிறேன். திரையில் அவன் உட்காருகிறான், கை முழங்காலுக்குப் போகிறது, ஜன்னல், இதோ, நீ போ, நான் வர், அரிப்பு, பதினோரு நாள் அரிப்பும் ஒன்றாகக் கிளம்பி இருமலாக வெடிக்கிறது, நிற்க மாட்டேன் என்கிறது, கண்ணில் தண்ணீர், மைக்கின் மேல் எச்சில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிகிறேன். நிமிரும்போது மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் வாயும் அசையவில்லை. பிறகு கஜபதி மட்டும் திரும்பி அந்தக் கம்பெனிக்காரரிடம் ஏதோ சொல்கிறான், சுருக்கமாக. பொத்தானை அமுக்குகிறான். “சரிண்ணே. போதும். விட்டுடலாம்.” தட்டையாகச் சொல்கிறான், கடை சாத்துகிறவன் மாதிரி. திரை அணைகிறது. ஹார்ட்டிகன் போய்விட்டான், வெள்ளைச் சுவர் மட்டும். மேகலா காகிதங்களை ஒன்றாக அடுக்குகிறாள், என் பக்கம் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறார். கஜபதி எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கிச் சோம்பல் முறிக்கிறான். இருபத்தாறு வருஷம் இப்படித்தான் முடிகிறதா, ஒருத்தன் சோம்பல் முறிப்பதோடு? ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. பயம்கூட இல்லை, பயத்துக்கு இனிமேல் வேலை இல்லையல்லவா. வியாழக்கிழமை இருக்கிறது. வெளியே போனால் அந்த ஆள் கை கொடுத்து ஆங்கிலத்தில் ஏதோ நல்ல வார்த்தை சொல்வார். மேகலா அழுவாள். கஜபதியிடம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பிலோமினாவிடம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து எப்போது வெளியே விடுவார்கள் என்று இருந்த இந்த அறை, இந்த நாற்காலி, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த இந்தப் பெட்டி, இப்போது இதை விட்டால் எனக்கு எங்கேயும் இடம் இல்லை போல இருக்கிறது.

கனமான கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. கஜபதி தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

“வாண்ணே. டீ வந்திருக்கு, ஆறிடப் போகுது.”

நான் மடியில் இருந்த ஹெட்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் இல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

“நீ போ. நான் வர்றேன்.”

யாரோ சொன்ன மாதிரி இருந்தது. மெல்லிசாக, ஓரத்தில் கிழிந்து, பாதி காற்றாக. யார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. கஜபதி போகவில்லை. கதவின் பிடியைச் சத்தம் வராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான், பிறகு கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு, வெறுங்காலில் ஒவ்வொரு அடியாகப் பின்னால் எடுத்து வைத்துப் போனான், தூங்குகிற குழந்தையை விட்டுப் போகிறவன் மாதிரி. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேகலா அடுக்கிய காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கம்பெனிக்காரர் மேஜைப் பக்கம் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டே தோளிலிருந்து பையைக் கழற்றி சோபாவில் வைத்தார். கஜபதி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே மேஜை மேல் குனிந்தான், உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினான், ஐந்து வந்ததும் ஒற்றை விரலால் அமுக்கி, அதுவரைக்கும் ஓடிக்கொண்டே இருந்த பதிவை நிறுத்தினான்.